கனமான சொகுசுக் காரை அன்றாடப் பாவனைக்கு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மட்டக்களப்பு நகருக்குள் ஓடித் திரிவதற்குப் பென்ஸ் எதற்கு என்று கேட்பவர்கள், பெரும்பாலும் அதில் ஏறிக் கொழும்புக்குப் போய் வந்திராதவர்கள். பெருமைக்காக வாங்குபவர்களும் இருக்கிறார்கள்தான். ஆயினும், மாதத்தில் இரண்டு மூன்று தடவை ஏ4 வீதியில் நெடுந்தூரம் ஓடுபவருக்கு அந்த எடையும் வலுவும் வீண் செலவல்ல.

சில்லுகளின் எடையோடு ஒப்பிடுகையில் காரின் உடல் எவ்வளவு கனமாக இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பள்ளத்தின் அதிர்வு உள்ளே குறைவாக ஏறும். முன், பின் சில்லுகளுக்கு இடையிலான தூரம் சுசுகி அல்டோ 800 இல் 2,360 மில்லிமீற்றர். 2010 இல் வந்த பிஎம்டபிள்யூ 5 வரிசையிலோ 2,968. அந்த இடைவெளி நீளும்போது கார் முன்னும் பின்னுமாக ஆடுவது தணிகிறது. அதே வரிசையின் 520டி டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே 380 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையைத் (சில்லைச் சுழற்றும் வலுவை) தருவதால், வெள்ளாமை வெட்டுக் காலத்தில் நெல்மூடை ஏற்றிச் செல்லும் உழவு இயந்திரத்தை முந்துகையில் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் நேரம் சுருங்குகிறது. நகருக்கு வெளியே வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர்தான் என்பதால், வலுவின் உண்மையான பயன் வேகத்தில் அன்றி இந்த ஓரிரு வினாடிகளில்தான் இருக்கிறது.

ஆகவே, விலை பேசுமுன் உங்கள் ஒரு மாத ஓட்டத்தை எழுதிப் பாருங்கள். காத்தான்குடியிலிருந்து நகருக்குப் போய்வரும் சில கிலோமீற்றர்கள்தான் அதில் இருக்குமானால், புதிய வகை டீசல் கார் வேண்டாம். புகைக்குழாய் போதிய சூடேறாத குறுகிய ஓட்டங்களில் அதன் வடிகட்டியில் சேரும் கரி எரியாமல் தேங்கி, நாளடைவில் அடைத்துவிடும்.

அடுத்து, காரைக் கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை, வானொலியை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். பிறகு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் கிரவல் பாதை ஒன்றில் இறக்கினால், தார் வீதியில் மறைந்திருந்த சஸ்பென்ஷன் சத்தங்கள் வெளிவரும். கனமான கார் தன் பிரேக்கைச் சீக்கிரம் தின்னும். டிஸ்க்கின் விளிம்பை நகத்தால் தடவும்போது வரம்பு தட்டுப்பட்டால், மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கடலோர வீட்டில் நின்ற காராயின், கராஜில் உயர்த்தி அடிப்பக்கத்துப் பிரேக் குழாய்களில் துரு இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

பின்பெட்டியையும் திறந்து பாருங்கள். சில மாதிரிகளில் காற்றிறங்கினாலும் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடும் டயர்களை நம்பி, மேலதிகச் சில்லு வைப்பதில்லை. என் காரில் அத்தகைய டயரின் பக்கச்சுவர் சியம்பலாண்டுவைக்கு அப்பால் இரவில் கிழிந்தபோது ஒரு கிலோமீற்றர்கூட நகர முடியவில்லை. அந்த அளவு டயர் அருகில் எந்தக் கடையிலும் இருக்கவுமில்லை.

காற்று சஸ்பென்ஷன் (சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் உடலைத் தாங்கும் அமைப்பு) உள்ள காராயின், காற்றுக் கசிகிறதா என்று அறிய, விற்பவரின் சம்மதத்தோடு அதை ஓர் இரவு சமதரையில் நிறுத்திவையுங்கள். விடியற்காலையில், எஞ்சினை இயக்குமுன், நான்கு சில்லுகளுக்கு மேலுள்ள இடைவெளியையும் விரல்களால் அளந்து, ஒரு மூலையாவது தாழ்ந்திருந்தால் முற்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.