தலையில அடிபட்டவங்களை நடக்க வைக்கும்போது வீட்ல நாம பண்ற தப்புகள்

தம்பி பைக்ல இருந்து விழுந்து தலையில அடிபட்டு, ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தப்போ எங்க எல்லாருக்கும் ஒரே ஆசைதான், அவன் எழுந்து நடக்கணும். அதனால நானும் எங்க வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் அக்குள்ல கை குடுத்து தூக்கி ஹால்ல இருந்து வாசல் வரைக்கும் கூட்டிட்டு போவோம், அவன் இடது கால் தரையில தேய்ச்சுக்கிட்டே வரும், பக்கத்து வீட்டு அக்கா "நடக்க ஆரம்பிச்சுட்டானே"ன்னு சொல்ல அம்மாவுக்கு கண்ணு கலங்கிடும். பிசியோ மேடம் வீட்டுக்கு வந்ததும் முதல்ல நிறுத்தச் சொன்னது இதைத்தான். அவன் வெயிட் பூரா உங்க தோள்ல இருக்கு, அவன் மூளைக்கு என்ன வேலை குடுத்தீங்கன்னு கேட்டாங்க.

அடிபட்டது மூளையில. எந்த கால்ல வெயிட் போடணும், எவ்வளவு சாயலாம்னு சொல்ற இடம் கெட்டுப் போயிருக்கு. மிச்சம் இருக்கற நரம்புகளை வச்சு மூளை புது வழி போட்டுக்கும், ஆனா அதுக்கு அவங்களே முயற்சி பண்ணணும், அதே அசைவை திரும்பத் திரும்ப நூத்துக்கணக்குல பண்ணணும். நாம தூக்கிட்டு போனா அது நம்ம நடை. அதோட பலம் இல்லாத கையைப் பிடிச்சு இழுத்தாலோ அக்குள்ல தூக்கினாலோ தோள்பட்டை மூட்டு இறங்கிடும், அந்த வலி மாசக்கணக்குல போகாது. பலம் இல்லாத பக்கம் கொஞ்சம் பின்னாடி நின்னுக்கிட்டு அவங்க இடுப்புல கட்டின பெல்ட்டைப் பிடிக்கணும், அவ்வளவுதான்.

அடுத்த தப்பு, உக்காரவே பேலன்ஸ் வராதவங்களை நடக்க அவசரப்படுத்தறது. மேடம் ரெண்டு வாரம் நடக்கவே விடல, நாற்காலியில இருந்து எழுந்து உக்கார்றது மட்டும்தான். பாதத்தை முட்டிக்கு பின்னாடி இழுத்துக்கணும், மூக்கு கால் விரலுக்கு நேரா வர்ற வரைக்கும் குனியணும், அப்புறம்தான் எழணும். தம்பி நல்ல காலாலயே உந்தி எழுந்துடுவான், அதைப் பார்த்துட்டு மேடம் அந்த நல்ல காலை ஒரு சாண் முன்னாடி நகர்த்தி வச்சாங்க, இப்ப இடது கால் வேலை செஞ்சே ஆகணும். முதல் தடவை தொடை நடுங்கி பாதியிலயே உக்காந்துட்டான், அஞ்சாவது தடவை எழுந்தான். ரெண்டு வாரமா இழுத்துட்டு போனதுல வராதது அந்த பத்து நிமிஷத்துல வந்துச்சு.

எண்ணெய் மசாஜ், கரண்ட் வைக்கறது இதுல மட்டும் காசைக் கொட்டறவங்க நிறைய பேர். இதமா இருக்கும், தப்பில்ல, ஆனா படுத்துக்கிட்டு நடக்கப் பழக முடியாது. அதே மாதிரி மூட்டு இறுகிடுச்சுன்னு பலவந்தமா மடக்கவும் கூடாது, தலையில அடிபட்டவங்களுக்கு இடுப்பு, முழங்கை மூட்டுகிட்ட புதுசா எலும்பு வளர்றது உண்டு, அந்த இடம் வீங்கி சூடா இருந்தா டாக்டர்கிட்ட காட்டணும். முன்பாதம் தொங்குதுன்னு அதைத் தாங்கிப் பிடிக்க குடுத்த ஸ்ப்ளின்ட்டை பீரோ மேல தூக்கிப் போட்டுடாதீங்க, ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம்.

தலைசுத்தல் விஷயத்தைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். "அடிபட்ட தலை, சுத்தத்தான் செய்யும்"னு விட்டுட்டோம். படுக்கையில புரண்டா, மேல பார்த்தா வீடே சுத்தி, ஒரு நிமிஷத்துக்குள்ள தானா நின்னுடுதுன்னா அது பெரும்பாலும் காதுக்குள்ள இருக்கற சின்ன துகள்கள் அடிபட்ட அதிர்ச்சியில இடம் மாறினது. ஈஎன்டி டாக்டரோ தெரிஞ்ச பிசியோவோ தலையை ஒரு முறைப்படி திருப்பி சரி பண்ணிடலாம், எப்ளி முறைன்னு பேரு. தம்பிக்கு ரெண்டே தடவையில நின்னுச்சு, அதுக்கு முன்னாடி மூணு மாசம் தலையைத் திருப்பவே பயந்துட்டு இருந்தான். எழுந்த உடனே கண்ணு இருட்டுதுன்னா பிபி இறங்குதான்னு பாருங்க. வலிப்பு மாத்திரை டோஸ் கூடினாலும் தள்ளாடும், ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

குச்சியை பலம் இல்லாத பக்கம் குடுக்கறோம், நல்ல கையிலதான் பிடிக்கணும். படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது பலம் இல்லாத கால் முதல்ல. நடக்கும்போது பேச்சு குடுக்காதீங்க, ஆரம்பத்துல ரெண்டையும் மூளை சேர்த்து சமாளிக்காது, நல்லா நடை வந்தப்புறம் பேசிக்கிட்டே நடக்கறதையும் பயிற்சியா குடுப்பாங்க. நெத்திப்பக்கம் அடிபட்டவங்களுக்கு தன்னால முடியாதுன்னே தெரியாது, ராத்திரி பாத்ரூமுக்கு தானா எழுந்து விழறது அதனாலதான், திட்டி பிரயோஜனம் இல்ல, பக்கத்துல ஒரு ஆள் படுக்கணும். ஆபரேஷன்ல மண்டை ஓட்டு எலும்பை எடுத்திருந்தா, திரும்ப வைக்கற வரைக்கும் தலைக்கு ஹெல்மெட் எது, எப்பப்ப போடணும்னு சர்ஜன்கிட்ட கேட்டுட்டுதான் நடக்க வைக்கணும்.

"ஆறு மாசத்துல வந்ததுதான், அதுக்கு மேல வராது"ன்னு யாராவது சொன்னா நம்பி நிறுத்திடாதீங்க. முதல் ஆறு மாசம் வேகமா வரும், அப்புறம் மெதுவா வரும், வருஷக்கணக்குலயும் வரும். காசு கஷ்டம்னா தமிழ்நாட்டுல 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

முன்னேற்றத்தை கண்ணால குத்துமதிப்பா பார்க்காம அளந்து எழுதுங்க. நாற்காலியில இருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்கார எத்தனை செகண்ட்னு பார்க்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, பக்கத்துல ஆள் நிக்கணும். ஹால்ல சாக்பீஸ் கோடு போட்டு மாசாமாசம் பார்க்கறோம், முதல்ல 48 செகண்ட், இப்ப 21. திரும்பற இடத்துலதான் இன்னும் தடுமாறுறான், அதனால இந்த வாரம் பூரா திரும்பறது மட்டும்தான் பயிற்சி.