ப்ளூஸ் பதிவின் டெம்போவும் கீயும் காதாலேயே பிடிப்பது எப்படி? பழகுவதற்கு: 'த த்ரில் இஸ் கான்'

அமெரிக்க ப்ளூஸ் பாடகர், கிட்டார் கலைஞர் பி.பி. கிங் 1969-இல் பதிவு செய்த பாட்டு. ராய் ஹாக்கின்ஸ் 1951-லேயே பாடியதுதான், ஆனாலும் இன்று எல்லாரும் வாசிப்பது கிங்கின் வடிவம். 'கம்ப்ளீட்லி வெல்' ஆல்பத்தில் உள்ள ஸ்டுடியோ பதிவையே எடுங்கள். மேடைப் பதிவுகளில் வேகம் மாறும்.

1. டெம்போ (பாட்டின் வேகம்)

திரையைத் தட்டி பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) காட்டும் ஆப்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாலைந்து தட்டில் வரும் எண் தட்டுக்குத் தட்டு ஆடும். ஸ்டாப்வாட்ச் போதும். ஒரு சுற்றுக்கு 12 பார் (தாளக் கட்டம்), பாருக்கு 4 அடி, ஆக 48 அடி. முதல் பாரின் முதல் அடியில் தொடங்கி, அடுத்த சுற்றின் முதல் அடியில் நிறுத்துங்கள். சுமார் 32 நொடி வரும். 48 × 60 ÷ 32 = 90 பிபிஎம். ஒரு நொடி பிசகினாலே மூன்று பிபிஎம் தவறும். அதனால் இரண்டு சுற்றைச் சேர்த்து அளப்பது நல்லது.

45 வந்தால் நீங்கள் ஸ்னேர் டிரம்மை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். அது 2, 4 ஆகிய அடிகளில்தான் விழும்.

2. கீ (பாட்டின் ஆதார ஸ்வரமும் ஸ்வரக்கூட்டமும்)

பலரும் சறுக்குவது இங்கேதான். கீ காட்டும் ஆப்கள் சில நேரம் 'டி மேஜர்' என்று சொல்லிவிடும். டி மேஜருக்கும் பி மைனருக்கும் ஸ்வரங்கள் ஏழும் ஒன்றே. எது வீடு, அதாவது பாட்டு வந்து அடங்கும் ஸ்வரம் எது என்பதில்தான் வித்தியாசம். பாட்டின் கீ பி மைனர்.

உறுதிசெய்ய, ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஒரு சுற்றைத் தேர்ந்து லூப் போடுங்கள். வேகம் அதிகமாகத் தெரிந்தால் சுருதி மாறாமல் டெம்போவை மட்டும் 75 சதவீதமாக்குங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம், லேப்டாப் ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் கேட்காது. 11, 12-ஆம் பார்களில் பேஸ் எந்த ஸ்வரத்தில் வந்து உட்காருகிறதோ அதை வாயால் முனகி, கீபோர்டில் தேடுங்கள். பி-யில் நிற்கும். டி-யை அழுத்திப் பார்த்தால் பாட்டு முடியாமல் தொங்குவது புரியும்.

பார் வாரியாகக் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்):
1–4: பி மைனர் 7
5–6: ஈ மைனர் 7
7–8: பி மைனர் 7
9: ஜி மேஜர் 7
10: எஃப் ஷார்ப் 7
11–12: பி மைனர் 7

பத்தாவது பார்தான் சாட்சி. எஃப் ஷார்ப் 7-இல் ஏ ஷார்ப் இருக்கிறது. அது டி மேஜரில் கிடையாது. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு: நடபைரவியில் போகிற பாட்டு அந்த ஒரு பாரில் கீரவாணியின் நிஷாதத்தைத் தொட்டுத் திரும்புகிறது.

3. மனநிலை

'சோகம்' என்று எழுதி முடித்துவிடாதீர்கள், எந்த ஸ்வரம் அதைச் செய்கிறது என்று பாருங்கள். வழக்கமான ப்ளூஸ் பழக்கத்தில் ஐந்தாவது பாரில் ஈ 7 வாசித்தால் ஜி, ஜி ஷார்ப் ஆகிவிடும். பாட்டின் இறுக்கம் அங்கேயே போய்விடும். ஒன்பதாவது பாரில் ஜி மேஜர் 7-ஐ வெறும் ஜி-யாக வாசிப்பதும் இழப்புதான். மேலே நிற்கும் எஃப் ஷார்ப்தான் அந்தக் குளிர்ச்சி, அடுத்த கார்டுக்குப் பாலமும் அதுவே.

பெர்ட் டிகோட்டோ அமைத்த வயலின் கூட்டத்தையும் கவனியுங்கள். குரல் நிற்கும் இடைவெளியில் கிட்டார் பதில் சொல்கிறது. கிங் பாடும்போது வாசிப்பதில்லை. வாசித்துப் பழகுபவர்கள் அந்த இடைவெளியை நிரப்பாமல் விடவேண்டும்.

பின்சேர்க்கை: 'எனக்கு சி மைனர் வருகிறது' என்று கேட்டவர்களுக்கு: இணையத்தில் ஏறும் சில பிரதிகளில் சுருதி மாற்றப்பட்டிருக்கும். டெம்போவையும் அளந்து பாருங்கள். 95 வந்தால் முழுப் பதிவையும் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து 5.6 சதவீதம் குறைத்தால் சரியாகும். 90-ஆகவே இருந்தால் சுருதியை மட்டும் அரைப்படி இறக்கினால் போதும்.