போர் விமான சிமுலேட்டரில் சொந்தமாக ஸ்கின் செய்து பகிர்வது எப்படி: புதியவர்களுக்கு

பெங்களூரில் முருகேஷ்பாளையா பக்கம் குடியிருப்பவர்களுக்கு தேஜஸ் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஹெச்ஏஎல் ஓடுபாதையிலிருந்து அது கிளம்பினால், போனில் பேசிக்கொண்டிருப்பவர் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அதனாலோ என்னவோ, இந்த ஊரில் சிமுலேட்டர் ஆடும் தமிழ்ப் பசங்க மோடிங் (ஆட்டத்தில் நாமே மாற்றங்கள் செய்து சேர்ப்பது) பற்றிப் பேச்செடுத்தாலே முதல் கேள்வி "தேஜஸ் செய்யலாமா?" என்பதாகத்தான் இருக்கிறது. செய்யலாம், ஆனால் அதற்கு பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் முழு மாடல், காக்பிட், ஒவ்வொரு சுவிட்சுக்கும் அசைவு, பறக்கும் தன்மைக்கான கணக்குகள், ஒலி என்று ஒரு குழுவே சேர்ந்து வருடக்கணக்கில் உட்கார வேண்டும். டிசிஎஸ் என்ற சிமுலேட்டரில் இலவசமாகக் கிடைக்கும் ஏ-4 ஸ்கைஹாக் மோட் அப்படி உருவானதுதான். முதல் மோட் அதுவாக இருக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் ஒரு விமானத்துக்குப் புது ஸ்கின், அதாவது வெளிப்பூச்சுப் படம், போடுங்கள். மோடிங்கில் அடிக்கடி சறுக்கும் இடங்களான ஃபோல்டர், ஃபைல் வகை, பிறர் கணினியில் ஓடுவது எல்லாமே இந்தச் சின்ன வேலைக்குள் வந்துவிடும்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் திரையில் விமானம் அழகாகத் தெரிந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அதே விமானம் நீங்கள் பக்கத்தில் இல்லாமலே இன்னொருவர் கணினியில் தெரிய வேண்டும்.

என்னென்ன வேண்டும்

ஆட்டம்: ஐஎல்-2 ஸ்டர்மோவிக் 1946. பழசுதான், மூல ஆட்டம் 2001-ல் வந்தது, எல்லாம் சேர்ந்த இந்தத் தொகுப்பு 2006-ல். தள்ளுபடி சமயத்தில் விலை மிகவும் குறையும், சாதாரண லேப்டாப்பிலும் ஓடும், கிராபிக்ஸ் கார்டு தேடி எஸ்பி ரோட்டில் அலைய வேண்டாம். (கம்பெனி லேப்டாப்பில் போடாதீர்கள், ஐடி டீமிலிருந்து மெயில் வரும்.) பெயிண்ட் வேலைக்கு கிம்ப், அது இலவசம். அப்புறம் நீங்கள் எடுக்கும் விமானத்துக்கான டெம்ப்ளேட்: ரசிகர்கள் பல வருடங்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள், பேனல் கோடுகள் (தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடங்கள்) தனி லேயராக இருக்கும் ஃபைலாகப் பார்த்து எடுங்கள். செய்தவர் பெயரையும் நிபந்தனையையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஆட்டத்தை விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் நிறுவாதீர்கள். அங்கே நீங்கள் போடும் ஃபைல்களை விண்டோஸ் சில சமயம் வேறு இடத்தில் ஒளித்து வைத்துவிடும், ஸ்கின் ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

முதல் படி: எந்த விமானம், எந்த வருடம்

"இந்திய விமானப்படை ஹரிக்கேன்" (இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானம்) என்பது போதாது. எந்த ஸ்குவாட்ரன், எந்த வருடம், எந்த ஊர் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கிம்ப்பைத் திறக்க வேண்டும். இந்தப் பாடத்துக்கு 1944, இம்பால், 1-ஆம் ஸ்குவாட்ரன், ஹரிக்கேன் 2சி என்று வைத்துக்கொள்வோம். பிற்காலத்தில் விமானப்படை மார்ஷல் ஆன அர்ஜன் சிங் அப்போது அந்த ஸ்குவாட்ரனின் தலைவர், அந்தப் போரில்தான் அவருக்கு டிஎஃப்சி பதக்கம் கிடைத்தது.

வருடம் ஏன் முக்கியம் என்றால், வட்டச் சின்னம் அதைப் பொறுத்துத்தான். நடுவில் பச்சை, அதைச் சுற்றி வெள்ளை, வெளியே காவி என்று நமக்குத் தெரிந்த சின்னம் 1950-ல் வந்தது. அதற்கு முன்னால் சிறிது காலம் அசோகச் சக்கரம் இருந்தது. பர்மா போர்க்களத்தில் இரண்டுமே கிடையாது, அடர்நீல வட்டத்துக்குள் வெளிர்நீலம், அவ்வளவுதான். பிரிட்டிஷ் சின்னத்தில் இருந்த சிவப்பை அங்கே எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் ஜப்பானிய விமானங்களின் சின்னமே சிவப்பு வட்டம், அவசரத்தில் நம் ஆளே நம் ஆளைச் சுட்டுவிடுவான். அதேபோல பெயருக்கு முன்னால் "ராயல்" என்ற சொல் 1945-ல்தான் வந்தது, 1950-ல் போனது. 1944 விமானத்துக்கான குறிப்பில் "ராயல்" என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர்கள் முதல் நாளே பிடித்துவிடுவார்கள். மூவர்ண வட்டம் போட்ட இம்பால் ஹரிக்கேன்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தப்பு.

இரண்டாம் படி: எது எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது

ஸ்கின் என்பது 1024-க்கு 1024 பிக்சல் உள்ள ஒரே சதுரப் படம். விமானத்தை உரித்துத் தட்டையாக விரித்தது மாதிரி இருக்கும். இறக்கை ஒரு மூலை, உடலின் இடப்பக்கம் ஒரு பட்டை, வலப்பக்கம் ஒருவேளை தலைகீழாக. பார்த்தவுடன் எதுவும் புரியாது.

இதற்கு நம் உயிர்மெய் அட்டவணையை விட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை. படத்தை 128 பிக்சல் கட்டங்களாக, எட்டுக்கு எட்டு என்று பிரியுங்கள். வரிசைகளுக்கு க, ச, ட, த, ப, ம, வ, ற. நெடுக்கில் அ-வில் தொடங்கி ஏ வரைக்கும் எட்டு உயிர். கட்டங்களில் க, கா, கி, கீ என்று பெரிதாக எழுதி, அடுத்த வரிசையில் ச, சா, சி என்று நிரப்பி, அதையே ஒரு ஸ்கின்னாக ஏற்றுங்கள். (எப்படி ஏற்றுவது என்பது நான்காம் படியில்.) ஆட்டத்தில் குயிக் மிஷன் தொடங்கி, எஃப்2 அழுத்தி வெளியிலிருந்து பாருங்கள். வால் மேல் "பூ" தெரிந்தால் ஐந்தாவது வரிசை, ஆறாவது கட்டம். எழுத்து கவிழ்ந்திருந்தால் அந்தப் பகுதியைத் தலைகீழாக வரைய வேண்டும், கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருந்தால் அங்கே எண்களைத் திருப்பி எழுத வேண்டும். இரண்டு இடத்தில் ஒரே எழுத்து தெரிந்தால் அந்த இரண்டு பாகமும் ஒரே பெயிண்டைப் பகிர்ந்துகொள்கின்றன என்று அர்த்தம், அங்கே எண் எழுதவே கூடாது.

மூன்றாம் படி: பெயிண்ட்

லேயர் வரிசை கீழிருந்து மேல்: அடிப்படை நிறம், மறைவண்ணம், சின்னமும் எண்களும், அழுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் மல்டிப்ளை முறையில் (கீழே உள்ள நிறத்தைக் கருமையாக்கும் முறை) பேனல் கோடுகள். ஹரிக்கேனின் மேல்பக்கம் அடர்பச்சையும் மண் பழுப்பும். இரண்டையும் சுத்தமான நிறத்தில் அடிக்காதீர்கள், கொஞ்சம் வெளுக்க வையுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தின் வெளிச்சத்தில் பொம்மை போலத் தெரியும்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. ஹரிக்கேனின் இறக்கை முனைக்கு முனை ஏறத்தாழ 12.2 மீட்டர். ஒரு பக்கத்து இறக்கைக்கு டெம்ப்ளேட்டில் சுமார் 500 பிக்சல் கிடைத்தால், ஒரு பிக்சல் ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே. அப்படியென்றால் நீங்கள் ஆசையாகப் போடும் ஒரு பிக்சல் கறுப்புக் கோடு நிஜத்தில் விரல் தடிமனுக்கு ஒரு பள்ளம். தகடுகள் அப்படியெல்லாம் விலகி நிற்காது. பேனல் கோட்டு லேயரின் ஒபாசிட்டியை (அடர்த்தியை) இருபது, முப்பது சதவீதத்துக்கு இறக்குங்கள். ரிவெட்டுகளை இந்த அளவில் வரையவே வேண்டாம்.

பெயிண்ட் உரிந்து வெள்ளி மின்னுவதைப் புதியவர்கள் எல்லோரும் விமானம் முழுக்கத் தெளிப்பார்கள். ஹரிக்கேனில் காக்பிட்டுக்குப் பின்னால் உள்ள உடல் துணி போர்த்தியது, உள்ளே மரச் சட்டங்கள். துணி அழுக்காகும், வெளுக்கும், ஒட்டுப் போடுவார்கள், ஆனால் அங்கே வெள்ளி எப்படி மின்னும்? உரிந்த தடத்தை எஞ்சின் மூடி, விமானி கால் வைத்து ஏறும் இறக்கை அடி, பீரங்கிக்குக் குண்டு நிரப்பும் மூடிகள் இந்த இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புகைக் கறை எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து பின்னோக்கி மெலிந்துகொண்டே போக வேண்டும். 2சி மாடலில் இறக்கைக்கு இரண்டு வீதம் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள், அவற்றின் பின்னாலும் கொஞ்சம் கரி.

நிஜ அழுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க, பழைய விமான நிலையச் சாலைப் பக்கம் ஹெச்ஏஎல் அருங்காட்சியகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். ஹரிக்கேன் இல்லை, அதற்கு டெல்லியில் பாலம் என்ற இடத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். ஆனால் மாருத்தையும் மிக்-21-ஐயும் கிட்ட நின்று பார்க்கலாம். மூடிகளின் கீழ் விளிம்பில் எண்ணெய் எப்படி வழிந்திருக்கிறது, வெயில் படும் பக்கம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள், காட்சிக்கு வைத்த விமானங்களுக்குத் திரும்பத் திரும்பப் பெயிண்ட் அடித்திருப்பார்கள்.

(அடுத்த ஸ்கின்னுக்கு யோசனை வேண்டுமென்றால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹெச்ஏஎல்லுக்குப் பழுது பார்க்க வந்த அமெரிக்க கேட்டலினா படகு விமானங்கள் இறங்கியது நம் பெல்லந்தூர் ஏரியில். ஆமாம், நுரை பொங்கும் அதே ஏரிதான்.)

நான்காம் படி: ஆட்டத்துக்குள் ஏற்றுவது

லேயர்கள் உள்ள மூல ஃபைலைத் தனியாகச் சேமித்துவிட்டு, ஒரு நகலில் மட்டும் இதைச் செய்யுங்கள். படத்தை இண்டெக்ஸ்டு முறைக்கு, 256 நிறங்களுக்கு மாற்றுங்கள். பிறகு பிஎம்பி ஆக எக்ஸ்போர்ட். அப்போது வரும் பெட்டியில் ரன்-லெங்த் சுருக்கம் வேண்டாம், கலர் ஸ்பேஸ் தகவலை எழுத வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் வேண்டும். ஃபைல் அளவைப் பாருங்கள்: ஏறத்தாழ 1 எம்பி என்றால் சரி. 3 எம்பி வந்தால் அது 24 பிட், இண்டெக்ஸ்டு ஆகவில்லை, ஆட்டம் அதை ஒழுங்காக ஏற்காது.

ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். ஆட்டத்தின் பெயிண்ட்ஸ்கீம்ஸ் ஃபோல்டர், அதற்குள் ஸ்கின்ஸ், அதற்குள் உங்கள் விமானத்தின் ஃபோல்டர், அங்கே போடுங்கள். பக்கத்து மாடலின் ஃபோல்டரில் போட்டால் பட்டியலில் வராது. ஆயுதம் தேர்ந்தெடுக்கும் திரையில் ஸ்கின் பட்டியல் இருக்கும், அங்கேயே மார்க்கிங்ஸ் என்பதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டம் தன் சின்னத்தை உங்கள் சின்னத்துக்கு மேலே ஒட்டிவிடும்.

ஐந்தாம் படி: பிறருக்குக் கொடுப்பது

வெறும் பிஎம்பி ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பெயிண்ட்ஸ்கீம்ஸ் ஃபோல்டரிலிருந்து தொடங்கி முழு வரிசையையும் அப்படியே ஜிப் செய்யுங்கள், வாங்குபவர் ஆட்டத்தின் ஃபோல்டரில் பிரித்தால் தானாகச் சரியான இடத்தில் உட்கார வேண்டும். விண்டோஸ் ஜிப்பைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் உண்டாக்கும் பழக்கம் உண்டு, "எனக்கு வரவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை அதனால்தான். ரீட்மீ ஃபைலில் இதை ஒரு வரி எழுதிவிடுங்கள். கூடவே எந்த மாடலுக்கு, எந்த ஸ்குவாட்ரன், எந்த வருடம், டெம்ப்ளேட் யாருடையது, பிறர் இதை மாற்றி வெளியிடலாமா கூடாதா. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதலாம். இரண்டு ஸ்கிரீன்ஷாட் போதும்.

வேறு ஆட்டத்திலிருந்து உருவிய மாடலையோ, காசு கொடுத்து வாங்கும் மாட்யூலின் மூல ஃபைல்களையோ ஜிப்பில் சேர்க்காதீர்கள். வெளியிடும் முன், மோடிங் பற்றி எதுவும் தெரியாத ஒரு நண்பரிடம் ஜிப்பை மட்டும் கொடுத்து, ஒரு வார்த்தை உதவி செய்யாமல் அவரே போட்டுக்கொள்கிறாரா என்று பாருங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் ரீட்மீயில் இருக்க வேண்டும். சேர்ந்து ஆடும்போது எல்லோருடைய நெட்வொர்க் அமைப்பிலும் ஸ்கின் டவுன்லோட் இயக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு வெறும் இயல்பு நிறம்தான் தெரியும்.

டிசிஎஸ்ஸுக்குப் போனால்

அடிப்படை ஆட்டம் இலவசம், சு-25டி, டிஎஃப்-51டி இரண்டும் கூடவே வரும். இங்கே ஸ்கின்னுக்கு லிவரி என்று பெயர். ஆட்டத்தின் நிறுவல் ஃபோல்டரைத் தொடவே வேண்டாம், உங்கள் யூசர் கணக்கில் உள்ள சேவ்டு கேம்ஸ், டிசிஎஸ், லிவரீஸ், அதற்குள் ஆட்டம் அந்த விமானத்துக்கு வைத்திருக்கும் உள்பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் உங்கள் லிவரி. ஏற்கெனவே இருக்கும் ஒரு லிவரியை நகலெடுத்து அதை மாற்றுவதுதான் எளிது.

படங்கள் டிடிஎஸ் வகை (கிராபிக்ஸ் கார்டுக்கான பட வகை), கூடவே டிஸ்கிரிப்ஷன் என்ற லுவா ஃபைல் (லுவா ஒரு சிறு நிரல் மொழி). அதில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் இருக்கும்: ஃபால்ஸ் என்றால் படம் இந்த ஃபோல்டரிலேயே இருக்கிறது, ட்ரூ என்றால் ஆட்டத்தின் சொந்தப் படத்தை எடுத்துக்கொள். நீங்கள் மாற்றாத எல்லாவற்றுக்கும் ட்ரூ போட்டு, அந்தப் படங்களை ஜிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். 4096 சதுரப் படம் ஒன்று டிஎக்ஸ்டி5 வகையில் 16 எம்பி, ஒளி ஊடுருவும் பகுதி தேவையில்லாமல் டிஎக்ஸ்டி1-ல் போட்டால் 8 எம்பி, மிப்மேப் (தூரத்தில் காட்ட வைக்கும் சின்ன நகல்கள்) சேர்த்தால் இரண்டுக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடும். சுருக்காமல் விட்டால் 64 எம்பி, எதிராளியின் கிராபிக்ஸ் கார்டு உங்களைத் திட்டும்.

லிவரி பட்டியலிலேயே வரவில்லையா? அந்த லுவா ஃபைலில் நாடுகள் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அதில் இந்தியா மட்டும் இருந்து, மிஷனில் விமானம் ரஷ்யாவுடையதாக இருந்தால் லிவரி காட்டாது. வரியை நீக்கிவிட்டால் எல்லா நாட்டுக்கும் வரும். இன்னொன்று, டிசிஎஸ் லிவரிகளைத் தானாக இறக்காது, கூட ஆடும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

திருத்தி மறுபடி வெளியிடும்போது

எண் தப்பு, வட்டம் கொஞ்சம் பெரிசு என்று யாராவது சொல்வார்கள், சொல்ல வேண்டும். திருத்துங்கள், ஆனால் உள்ளே இருக்கும் ஸ்கின் ஃபைலின் பெயரையோ லிவரி ஃபோல்டரின் பெயரையோ மாற்றாதீர்கள். மிஷன் ஃபைல்கள் அந்தப் பெயரை வைத்துத்தான் உங்கள் ஸ்கின்னைத் தேடும், பெயர் மாறினால் உங்கள் ஹரிக்கேனை வைத்து யாரோ செய்த மிஷனில் விமானம் இயல்பு நிறத்துக்குத் திரும்பிவிடும். பதிப்பு எண்ணை ஜிப்பின் பெயரிலும் ரீட்மீயிலும் மட்டும் போடுங்கள்.