இந்தக் குளம் யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது? மாகாண சபையைப் படிப்படியாக அறிந்துகொள்ளல்

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் ஊர்க் குளத்தின் துருசு (நீரைத் திறந்துவிடும் மதகு) உடைந்து நீர் வீணாகிக்கொண்டிருந்தபோது, கமக்காரர் அமைப்பின் சார்பில் ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினோம். காலபோக விதைப்புக்கு முன்னர் துருசு திருத்தப்பட வேண்டும் என்பதே கோரிக்கை. விதைப்பு முடிந்து பயிர் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த பிறகு, "இவ்விடயம் எமது அதிகார எல்லைக்கு உட்பட்டதல்ல" என்ற ஒற்றை வரியோடு பதில் வந்தது. அந்த வரியின் பொருளைத் தேடிப் போனதில்தான் மாகாண சபை என்ற ஏற்பாட்டை நான் முறையாகப் படிக்க நேர்ந்தது. வன்னியில் இருந்துகொண்டு இதை முதன்முதலாகப் படிக்க விரும்புவோருக்காக, நான் படித்த வரிசையிலேயே இங்கு விளக்குகிறேன்.

கையில் இருக்க வேண்டியவை மூன்று: இலங்கை அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி, ஒரு கொப்பி, உங்கள் ஊரின் ஏதேனும் ஒரு பிரச்சினை. பிரச்சினை உண்மையானதாக இருக்கட்டும். வெறும் மனனம் செய்வதற்காகப் படித்தால் இந்தச் சட்டங்கள் மனதில் தங்குவதில்லை.

படி 1: உங்கள் பிரச்சினை எந்த நிரலில் இருக்கிறது என்று பாருங்கள்

அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையைத் திறவுங்கள். அதில் மூன்று நிரல்கள் உள்ளன. மாகாண சபை நிரலில் உள்ள விடயங்கள் குறித்து மாகாண சபை சட்டம் இயற்றலாம். ஒதுக்கிய நிரலில் உள்ளவை மத்திய அரசுக்கே உரியவை. ஒருங்கிய நிரலில் உள்ளவை குறித்துப் பாராளுமன்றமும் மாகாண சபையும் சட்டம் இயற்றலாம்.

நீர்ப்பாசனம் மாகாண சபை நிரலில் இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களினூடாக ஓடும் ஆறுகளுடன் தொடர்புடைய நீர்ப்பாசனத் திட்டங்கள் அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. இந்த ஒரு விலக்கின் பொருள் வன்னிக்காரருக்கு உடனே புரியும். இரணைமடுவுக்கு நீர் தரும் கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்கிக் கடலைச் சேரும்வரை வடக்கு மாகாணத்துக்குள்ளேயே ஓடுகிறது. ஆகவே இரணைமடு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. மன்னாரின் கட்டுக்கரைக்குளத்துக்குத் தேக்கம் அணையிலிருந்து நீர் தரும் அருவி ஆறோ வட மத்திய மாகாணத்தின் அநுராதபுரத்தைக் கடந்து வருவது. ஆகவே அக்குளம் மத்திய அரசின் நீர்ப்பாசனத் திணைக்களத்தைச் சேர்ந்தது. இரண்டும் வடக்கின் பெருங்குளங்கள், இரண்டின் கீழும் வயல் செய்வோர் நம்மவர்களே. ஆனால் மேட்டில் ஆறு எங்கே பிறக்கிறது என்பது அவர்கள் எந்த அலுவலகத்தின் வாசலில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. 80 ஹெக்டேயருக்குக் குறைவான நிலத்துக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்த்துக்கொள்கிறது. அது மத்திய அரசின் திணைக்களம். எங்கள் கடிதம் தவறிப் போனது இந்த இடத்தில்தான்.

வீதிகளுக்கும் இதே முறையில் விடை காணலாம். ஏ, பி என்ற எழுத்துகளைக் கொண்ட வீதிகள் மத்திய அரசைச் சேர்ந்தவை. ஆகவே ஏ-9 வீதியும், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-34 வீதியும் மாகாண சபையின் கையில் இல்லை. சி, டி வகை வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. பாடசாலை தேசிய பாடசாலையாக இருந்தால் மத்திய கல்வி அமைச்சு, மற்றையவை மாகாணம். காணியும் பொலிசும் மாகாண சபை நிரலில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்ததும் புதியவர்கள் வியப்படைவார்கள். எழுதப்பட்டிருப்பது உண்மை, ஆனால் பொலிஸ் அதிகாரம் எந்த மாகாணத்துக்கும் நடைமுறையில் வழங்கப்படவில்லை, காணிக்காக அமைக்கப்பட வேண்டிய தேசிய காணி ஆணைக்குழுவும் அமைக்கப்படவில்லை.

படி 2: இந்தச் சபை எங்கிருந்து வந்தது என்பதை அறியுங்கள்

1957 ஜூலை 26 அன்று கைச்சாத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் வடக்கு மாகாணத்துக்கு ஒரு பிராந்திய சபையை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அதிகாரமும் பணமும் இல்லாமல் அவை தேய்ந்து போயின. 1987 ஜூலை 29 அன்று கைச்சாத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக, அதே ஆண்டு நவம்பரில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தமும் 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் நிறைவேற்றப்பட்டன. இன்றைய சபையின் அத்திவாரம் இவை இரண்டுமே.

1988 செப்டெம்பரில் வடக்கும் கிழக்கும் பிரகடனத்தின் மூலம் தற்காலிகமாக இணைக்கப்பட்டு, நவம்பர் 19 அன்று 71 உறுப்பினர்களுக்கான தேர்தல் நடத்தப்பட்டது. அ. வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார், சபை திருகோணமலையில் கூடியது, 1990இல் கலைக்கப்பட்டது. அந்தத் தேர்தலில் வடக்கின் 36 உறுப்பினர்களும் போட்டியின்றியே தெரிவானார்கள் என்பதைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குச் சற்றுப் பின்னர் திரும்பி வருவோம். 2006 ஒக்டோபர் 16 அன்று உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லுபடியற்றது எனத் தீர்த்தது. 2007 ஜனவரி முதல் வடக்கு தனி மாகாணமாயிற்று. போர் முடிந்து நான்கு ஆண்டுகளின் பின், 2013 செப்டெம்பர் 21 அன்று வடக்கு மாகாண சபைக்கான முதலாவது தேர்தல் நடந்தது. சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார், அவைத்தலைவராக சி. வி. கே. சிவஞானம் தெரிவானார்; சபை கைதடியில் கூடியது. அதன் ஐந்தாண்டுக் காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது.

இனி, குறித்துவைத்த வரிக்கு வாருங்கள். 1988இல் வடக்கில் வாக்களிப்பே நடக்கவில்லை. 2018க்குப் பிறகு தேர்தல் இல்லை. ஆகவே வன்னி மக்கள் வாக்குச்சீட்டில் புள்ளடியிட்டு மாகாண சபை உறுப்பினரைத் தெரிவுசெய்தது ஒரேயொரு தடவைதான். 2013இல் வாக்களிக்கும் வயதை எட்டாதிருந்த நம் பிள்ளைகள் இன்று பிள்ளைகளைப் பெற்றவர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சபை செய்தித்தாளில் வரும் ஒரு சொல் மட்டுமே என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

படி 3: ஆசனங்களை நீங்களே கணக்கிடுங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பாராளுமன்றத் தேர்தலில் 'வன்னி' என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்த ஒரே தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு சேர்க்கப்படுகிறது. மாகாண சபைத் தேர்தலில் அவ்வாறில்லை. ஒவ்வொரு நிர்வாக மாவட்டமும் தனித்தனியே உறுப்பினர்களைத் தெரிவுசெய்கிறது. 2013இல் யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் தலா 5, கிளிநொச்சிக்கு 4 என 36 ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. மாகாணம் முழுவதிலும் கூடிய வாக்குப் பெற்ற கட்சிக்கு மேலும் 2 போனஸ் ஆசனங்கள் சேர, மொத்தம் 38.

கிளிநொச்சியையும் சேர்த்து வன்னிப் பெருநிலத்தின் நான்கு மாவட்டங்களையும் கூட்டிப் பாருங்கள்: 20. சனத்தொகையோடு நிலப்பரப்பும் கணக்கில் எடுக்கப்படுவதால், குடியிருப்புகள் ஐதாகப் பரந்த நமது நிலத்துக்கு இந்த எண் கிடைத்தது. தெரிவுசெய்யப்படும் உறுப்பினர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் வன்னியிலிருந்து போகும் ஒரு சபையில், வன்னியின் குளமும் வீதியும் வைத்தியசாலையும் ஓரத்து விடயங்களாக இருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது மன்னார் மாவட்டத்தை எடுத்துக் கணக்கைச் செய்யுங்கள். 2013இல் இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 33,118, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 15,104, ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரசுக்கு 4,571 வாக்குகள் கிடைத்தன. சிறிய கட்சிகளையும் சேர்த்துச் செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 53,200. அதை 5 ஆசனங்களால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறத்தாழ 10,640 வாக்குகள்.

முதற் சுற்றில் தமிழரசுக் கட்சி அந்த விலையை மூன்று தடவை செலுத்தி 3 ஆசனங்களைப் பெறுகிறது. அதனிடம் ஏறத்தாழ 1,200 வாக்குகள் மீதியாக நிற்கின்றன. சுதந்திரக் கூட்டமைப்பு 1 ஆசனம் பெற்று ஏறத்தாழ 4,460 வாக்குகளை மீதியாக வைத்திருக்கிறது. முஸ்லிம் காங்கிரசால் ஓர் ஆசனத்தின் முழு விலையைச் செலுத்த முடியவில்லை. அதன் 4,571 வாக்குகளும் அப்படியே மீதியாக இருக்கின்றன. எஞ்சிய ஓர் ஆசனம் கூடிய மீதி உள்ள கட்சிக்குப் போகும் என்பது அப்போதைய விதி. மீதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். 4,571க்கும் 4,460க்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு சிறு கிராமத்தின் வாக்குகளே. அந்த வித்தியாசத்தில் முஸ்லிம் காங்கிரஸ் வடக்கு மாகாண சபையில் தனது ஒரேயொரு ஆசனத்தைப் பெற்றது. "என் ஒரு வாக்கால் என்ன ஆகும்" என்று கேட்பவரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுவது வழக்கம்.

2013இல் இருந்த அந்த முறையில், கட்சிக்குள் எவர் தெரிவாகிறார் என்பதை விருப்பு வாக்குகள் தீர்மானித்தன. வாக்காளர் ஒருவர் தாம் வாக்களித்த கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரைக்கும் விருப்பு வாக்கு அளிக்க முடிந்தது.

படி 4: ஒரு நியதிச்சட்டம் செல்லும் வழியைத் தொடர்ந்து செல்லுங்கள்

மாகாண சபை இயற்றும் சட்டத்துக்கு நியதிச்சட்டம் என்று பெயர். சபையில் பெரும்பான்மை ஆதரவைப் பெற்றவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்கிறார். அவரோடு நான்கு அமைச்சர்களுக்கு மேல் இருக்க முடியாது. நியதிச்சட்ட வரைவு சபையில் சமர்ப்பிக்கப்பட்டு விவாதிக்கப்படுகிறது. வரி, செலவு போன்ற நிதி விடயங்களைத் தொடும் வரைவாக இருந்தால், ஆளுநரின் விதப்புரை இல்லாமல் அதைச் சபையில் சமர்ப்பிக்கவே முடியாது.

சபை நிறைவேற்றியதும் அது ஆளுநரிடம் போகிறது. அவர் சம்மதம் அளித்தால் அது சட்டமாகிவிடும். அளிக்க விரும்பாவிட்டால், மறுபரிசீலனை செய்யுமாறு சபைக்குத் திருப்பி அனுப்பலாம். சபை அதை மாற்றத்தோடோ மாற்றமில்லாமலோ மீண்டும் நிறைவேற்றினால், ஆளுநர் சம்மதிக்கலாம், அல்லது அது அரசியலமைப்புக்கு முரணானதா என அறிய ஜனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்காக ஒதுக்கிவைக்கலாம். முரண் இல்லை என நீதிமன்றம் தீர்மானித்தால் ஆளுநர் சம்மதம் அளித்தே ஆக வேண்டும். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி, மக்கள் அல்லர் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைத்திருந்தால், மாகாண சபை பற்றிய வாதங்களில் பெரும்பகுதி ஏன் ஆளுநரைச் சுற்றியே நிகழ்கிறது என்பது விளங்கும்.

படி 5: பாராளுமன்றம் குறுக்கே வரும்போது என்ன நடக்கும் என்பதை அறியுங்கள்

மாகாண சபை நிரலில் உள்ள ஒரு விடயம் குறித்துப் பாராளுமன்றம் சட்டம் இயற்ற விரும்பினால், அந்தச் சட்டமூலம் முதலில் எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பப்பட்டு அவற்றின் கருத்து பெறப்பட வேண்டும். ஏதேனும் ஒரு சபை உடன்படாவிட்டால், அது நாடு முழுவதற்கும் சட்டமாவதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும்.

2012இல் திவிநெகும (வாழ்வெழுச்சி) என்ற வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கான சட்டமூலம் இந்தக் கேள்வியை எழுப்பியது. அப்போது வடக்கில் சபை இல்லை. ஆளுநர் தமது சம்மதத்தைத் தெரிவித்தார். மக்கள் தெரிவுசெய்த சபை ஒன்றின் இடத்தில் நின்று ஆளுநர் கருத்துக் கூற முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. இறுதியில் 2013 ஜனவரியில் அச்சட்டமூலம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேற்றப்பட்டது. இன்னும் அமையாத ஒரு சபைக்கும் சட்டத்தின் பார்வையில் ஓர் இடம் உண்டு என்பதை எனக்கு உணர்த்திய தீர்மானம் அது.

படி 6: பணம் வரும் வழியைப் பாருங்கள்

இது சுருக்கமானது. முத்திரைத் தீர்வை, வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் போன்ற சில வருமானங்கள் மாகாணத்துக்கு உண்டு. பெரும்பகுதி, நிதி ஆணைக்குழுவின் விதப்புரைப்படி மத்திய அரசு தரும் மானியங்களே.

படி 7: சபை இல்லாத காலத்தில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, உறுப்பினர்களில் பாதிப்பேரைத் தொகுதி முறையிலும் பாதிப்பேரை விகிதாசார முறையிலும் தெரிவுசெய்யும் கலப்பு முறை கொண்டுவரப்பட்டது. அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறை நீக்கப்பட்டு, புதிய முறைக்கு எல்லைகள் இல்லாத நிலையில் தேர்தல் நின்றுபோனது. 2019க்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்துவிட்டது. சபை இல்லாவிட்டாலும் மாகாணத் திணைக்களங்கள் ஆளுநரின் கீழும் பிரதம செயலாளரின் கீழும் இயங்குகின்றன. கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாத இடத்தில், கேள்வியை நாமே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். அது மாகாண அலுவலகங்களுக்கும் பொருந்தும். திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான சான்றை மறவாமல் வாங்குங்கள். கேள்விகளைச் சிறியனவாக எழுதுங்கள். நாங்கள் இரண்டாம் தடவை எழுதியபோது மூன்றே கேள்விகள் கேட்டோம்: இந்தக் குளம் எந்தத் திணைக்களத்தின் பதிவேட்டில் உள்ளது, கடந்த மூன்று ஆண்டுகளில் அதற்கு ஒதுக்கப்பட்ட நிதி எவ்வளவு, அதன் துருசு கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது.

முதற் கேள்விக்குக் கிடைத்த பதிலை இணைத்துக் கமநல சேவை நிலையத்துக்குப் புதிய கடிதம் கொடுத்தோம். சிறுபோகம் முடிந்து குளம் வற்றியிருந்த ஒரு காலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வந்து, சப்பாத்தைக் கழற்றிக் குளக்கட்டில் வைத்துவிட்டு, சேற்றில் இறங்கித் துருசின் வாயை அளவுநாடாவால் அளந்தார். எங்கள் செயலாளர் குளக்கட்டில் நின்று அந்த அளவுகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.