லியோன் ஆபரா ஹவுஸ்: டிக்கெட் எடுப்பதிலிருந்து சிவப்பு விளக்கு வரை

பிரான்சில் லியோன் நகரசபைக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பாட்டாலேயே நடக்கும் ஆபரா நாடகங்களுக்கான ஆபரா ஹவுஸ். வாசலில் நின்று நாலு படம் எடுத்துவிட்டு, "பழைய தியேட்டர், மேலே கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள்" என்று கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். 1831-இல் கட்டிய தியேட்டரின் நான்கு பக்கச் சுவர்களையும் முன்பக்க மண்டபத்தையும் மட்டும் விட்டுவைத்து, நடுவில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டார் கட்டடக் கலைஞர் ழான் நூவெல். கீழே ஐந்து தளம் தோண்டி, மேலே அரை உருளை வடிவில் ஒரு கண்ணாடி வளைவை ஏற்றி, 1993-இல் திறந்தார்கள். பழைய சுவருக்குள் இப்போது 18 தளங்கள் இருக்கின்றன. பார்க்க வேண்டியது உள்ளேதான். அதற்கான வழி இது.

1. எந்த நாள் போவது

பகலில் நேராகப் போனால் அரங்குக்குள் விடமாட்டார்கள். உள்ளே போக மூன்று வழி: நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுப்பது, சில நாட்களில் மட்டும் நடக்கும் வழிகாட்டிச் சுற்றில் சேர்வது, செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் வரும் மரபுச் சின்ன நாட்களில், கதவு திறக்கிறார்களா என்று பார்த்து வரிசையில் நிற்பது. ஆகஸ்டில் போகாதீர்கள். சீசன் செப்டம்பர், அக்டோபரில் தொடங்கி கோடையில் முடிந்துவிடும்.

என் ஓட்டு டிக்கெட்டுக்குத்தான். மக்கள் நிறைந்து விளக்குகள் எரியும்போது பார்ப்பதற்காகக் கட்டிய இடம் அது. மூன்று மணி நேர ஆபராவுக்குப் பொறுமை இல்லையென்றால் பாலே எடுங்கள். லியோன் ஆபராவின் பாலே குழு நவீன நடனத்துக்குப் பெயர் போனது, மொழித் தொல்லையும் கிடையாது. ஆபராவில் பாட்டு பெரும்பாலும் இத்தாலியத்திலோ ஜெர்மனிலோ இருக்கும், மேடைக்கு மேலே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகள் பிரெஞ்சில். பிரெஞ்சு தெரியாதவர்கள் கதைச் சுருக்கத்தை முன்னாலேயே படித்துவிட்டுப் போவது நல்லது.

2. இருக்கை (இங்கேதான் பலர் மாட்டுவது)

அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் வாங்குங்கள். மறுவிற்பனைத் தளங்களில் விலையும் கூடுதல், எந்த இருக்கை என்பதும் பல நேரம் தெரியாது. போனில் வேண்டாம், கணினியில் திறந்து இருக்கை வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அரங்கில் சுமார் 1,100 இருக்கைகள். தரைத்தளம், அதற்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு பால்கனிகள். பழைய இத்தாலியப் பாணியில் குதிரை லாட வடிவம். இந்த வடிவத்தில் பக்கவாட்டு இருக்கைகள் மேடையைப் பார்ப்பதில்லை, எதிர்ப் பால்கனியைத்தான் பார்க்கின்றன. கழுத்தைத் திருப்பி, கம்பிக்கு மேல் எட்டிப் பார்த்தாலும் உங்கள் பக்கத்து மேடை மூலை தெரியாது. முன்னால் இருப்பவரும் எட்டிப் பார்த்தால் மிச்சமும் போச்சு. பட்டியலில் "விசிபிலித்தே ரெதுயித்" என்று போட்டிருந்தால் இதுதான் அர்த்தம். விலை குறைவாக இருக்கக் காரணமும் அதுதான்.

கீழ்ப் பால்கனியின் பக்கவாட்டை விட மேல் பால்கனியின் நடுப்பகுதி நல்லது. தூரம் கூடினாலும் மேடை முழுதாகத் தெரியும், இசைக்குழுவின் குழியும் தெரியும். மேல் பால்கனி தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பின்வரிசைகளைத் தவிருங்கள். ஓடும் வரிகள் மறையலாம், ஒலியும் அமுங்கிக் கேட்கும். உயரம் என்றாலே தலை சுற்றுபவர்கள் தரைத்தளமோ முதல் பால்கனியோ எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான அரங்கு இது.

எண்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பிரெஞ்சுத் தியேட்டர்களில் ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம் என்று போடுவது வழக்கம். அப்படியானால் 12-க்குப் பக்கத்து இருக்கை 14. இரண்டு பேர் 12, 13 என்று எடுத்தால் அரங்கின் இரு பக்கமும் பிரிந்து உட்கார வேண்டியதுதான். எண்ணை நம்பாமல் வரைபடத்தில் கட்டம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டிக்கெட்டில் "ஜார்தான்" என்றிருந்தால் மேடையைப் பார்த்து உட்காரும்போது இடப்பக்கம், "கூர்" என்றால் வலப்பக்கம். "ரான்" வரிசை, "பிளாஸ்" இருக்கை எண்.

"கொம்ப்ளே" என்று காட்டினால் எல்லாம் விற்றுவிட்டது. அதோடு விட்டுவிடாமல், நிகழ்ச்சி நெருங்கும் நாட்களில் மறுபடி பாருங்கள். திரும்பி வரும் டிக்கெட்டுகள் உண்டு.

3. போய்ச் சேர்வது

மெட்ரோ நிறுத்தம் ஓட்டெல் த வீல் – லூயி பிரதேல். ஏ, சி இரண்டு வழித்தடங்களும் வரும். பெராஷ் ரயில் நிலையத்திலிருந்து ஏ நேராக வரும். பார்-தியூ ரயில் நிலையத்திலிருந்து வந்தால் பி-யில் ஏறி ஷார்பெனில் ஏ-க்கு மாற வேண்டும். பெல்கூர் சதுக்கத்திலிருந்து இரண்டே நிறுத்தம், நடந்தே வரலாம்.

தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். பை சோதனை உண்டு. தாமதமாக வந்தால் இடைவேளை வரை வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

4. உள்ளே

நுழைந்ததும் நிமிர்ந்து பாருங்கள். தலைக்கு மேல் பளபளவென்று கறுப்பாகத் தொங்குவது கூரையில்லை, அரங்கின் அடிப்பகுதி. தரையில் நிற்காமல் முழு அரங்கையும் உள்ளே தொங்கவிட்டிருக்கிறார்கள், கப்பலின் அடிவயிற்றைக் கீழிருந்து பார்ப்பது போல இருக்கும். பழைய சுவருக்கும் இந்தக் கறுப்பு உடலுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில்தான் நகரும் படிகளும் பாலங்களும்.

சுவர், தரை, தடுப்பு எல்லாமே கறுப்பு. அழகுதான், ஆனால் படி எங்கே முடிகிறது என்று தெரியாது. கைப்பிடியை விடாதீர்கள். எந்தத் தளம் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு ஏறுங்கள், தவறான தளத்தில் இறங்கினால் திரும்பிவர நேரமாகும். பிரெஞ்சுக்காரர்களுக்குத் தரைத்தளம் பூஜ்யம் என்பதும் நினைவிருக்கட்டும்.

அரங்குக்குள் நுழையும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு இடைவழி வரும். கறுப்பிலிருந்து சிவப்பு, சிவப்பிலிருந்து மறுபடி கறுப்பு. கடைசி நிமிடத்தில் ஓடி வருபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

5. இடைவேளையில் பழைய மண்டபம்

பொன் பூச்சும் சரவிளக்குமாக 19-ஆம் நூற்றாண்டு மண்டபம் அப்படியே இருக்கிறது. இடைவேளை விட்டதும் பானக் கவுண்டரில் நிற்காமல் முதலில் இங்கே வாருங்கள். ஜன்னலுக்கு வெளியே நகரசபைக் கட்டடம் தெரியும். நிகழ்ச்சி விவரத்தில் இடைவேளை இல்லை என்று போட்டிருந்தால் தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

6. வெளியே

முகப்பின் மேல் கலைத் தேவதைகளின் சிலைகள். கிரேக்கக் கதைப்படி ஒன்பது பேர், இங்கே எட்டுத்தான். வானியலுக்குரிய யுரானியா இல்லை. கீழே வளைவு மண்டபத்தில் பெரும்பாலும் ஹிப்-ஹாப் ஆடும் பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். வழவழப்பான தரை அவர்களுக்கு வசதி. உள்ளே டிக்கெட் எடுத்துப் பார்க்கும் நடனத்துக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை.

இருட்டியதும் கண்ணாடி வளைவு சிவப்பாக ஒளிரும். ஒளிக் கலைஞர் யான் கெர்சாலே அமைத்த விளக்கு இது. கட்டடத்துக்குள் ஆள் நடமாட்டம் கூடக் கூடச் சிவப்பும் ஏறும்படி வடிவமைத்தார். கீழே சதுக்கத்திலிருந்து வளைவு முழுதாகத் தெரியாது, முகப்பு மறைக்கும். ஃபூர்வியேர் குன்றுக்குப் போங்கள்: ஏ-யில் பெல்கூர், அங்கிருந்து டி-யில் ஒரு நிறுத்தம் வியூ லியோன், பிறகு குன்று ரயில். தேவாலயத்தின் பக்கத்து மேடையிலிருந்து பார்த்தால் கூரைகளுக்கு நடுவே தனியாகத் தெரியும்.

பின்சேர்க்கை

உடை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கோட்டு சூட்டு தேவையில்லை, சுத்தமான ஜீன்ஸ் போதும். குதிகால் உயர்ந்த செருப்பு மட்டும் வேண்டாம், படிகள் அதிகம்.

டிசம்பர் 8-ஐ ஒட்டி ஒளித் திருவிழா நடக்கும் நாட்களில் மாலைக் காட்சிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். இந்தத் தெருக்களில் அப்போது நகரவே முடியாது.