செலவில்லாமல் ஒரு கௌபாய் கதை பண்ணுவது எப்படி

கௌபாய் படத்துக்குக் கதை எழுத உட்கார்ந்தால் கை தானாகத் துப்பாக்கிச் சண்டைக்குத்தான் போகும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நிலத்தின் உரிமைக் காகிதத்தை முடிவு பண்ணுங்கள். கதையை ஓட்டும் பேராசை, ஆள்மாறாட்டம் இரண்டும் அந்த ஒரே காகிதத்திலிருந்து கிளம்ப வேண்டும்.

காகிதத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். அமெரிக்காவில் 1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை அரசு நிலத்தைப் பதிவு செய்துகொண்டு, 5 வருஷம் குடியிருந்து பயிர் செய்து, 2 சாட்சிகளை வைத்து நிரூபித்தால் அந்தக் காலத்தில் நிலம் சொந்தமாகிவிட்டது. நடுவில் ஆள் செத்துப்போனால் வாரிசு தொடர முடிந்தது, ஆனால் நிலத்தை 6 மாதத்துக்கு மேல் கைவிட்டால் அது திரும்ப அரசுக்கே போய்விட்டது. கெடு கிடைத்துவிட்டதா?

வறண்ட பூமியில் 160 ஏக்கருக்காக யார் கொலை செய்வார்கள் என்று கேட்பார்கள். அங்கே ஒரு ஊற்றை வையுங்கள். தண்ணீர் யார் கையிலோ, சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலமும் அவர் கையில்தான்.

இப்போது ஆள்மாறாட்டம். நிலத்தைப் பதிவு செய்த குடியானவர் இறந்துவிட்டார், கிழக்கிலிருந்து வாரிசாக அவர் தம்பி வருகிறார், அவர் முகத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை, வழியிலேயே வில்லனின் ஆட்கள் சுட்டுவிடுகிறார்கள். அந்தப் பக்கம் வந்த நம்ம ஆள் அவரை ஒரு குகையில் ஒளித்துவைத்துவிட்டு, அவர் சட்டைப்பையிலிருந்த கடிதத்தோடு மருந்து வாங்க ஊருக்குள் நுழைகிறான். கடிதத்தைப் பார்த்ததும் ஊரே அவனைத்தான் தம்பி என்கிறது. பெரும்பாலான கதைகள் படுத்துக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் அவன் ஏன் "நான் இல்லை" என்று சொல்லவில்லை என்பதற்குக் காரணமே இருக்காது. இங்கே இருக்கிறது: சொன்னால் குகையில் கிடப்பவர் உயிருக்கு ஆபத்து. இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது, இவன் போலி என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் வில்லன், ஆனால் வாயைத் திறந்தால் "உனக்கெப்படித் தெரியும்?" என்பார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கைகுலுக்கும் காட்சிக்கு ஒரு பைசா செலவில்லை.

ஒரு தெரு, ஒரு குடிசை, ஒரு குகை போதும். 1933 முதல் 1935 வரை லோன் ஸ்டார் கம்பெனிக்காக ஜான் வெய்ன் நடித்த படங்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அவற்றில் ஸ்டண்ட் கலைஞர் யகிமா கனுட் அடியாளாகவும் வருவார், வெய்னுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து குதிப்பவரும் அவரே. மாட்டு மந்தை வேண்டுமா, புழுதியும் சத்தமும் போதும். இரவுக் காட்சியா, பகலில் எடுத்து இருட்டாக்குங்கள்.

முடிவை நடுத்தெருவில் வைக்காதீர்கள், நிலப் பதிவு அலுவலகத்தில் வையுங்கள். குண்டடி பட்ட தம்பி கட்டிலோடு வந்து இறங்குகிறார், ஒரு சாட்சி தயார், இரண்டாவது சாட்சி வில்லனிடமே சம்பளம் வாங்கும் ஆள், அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு மேஜைக்கு நடந்து வருகிறான்.