லினக்ஸில் ஓடும் மொழிப்பாலத்தை விண்டோஸுக்கும் கொண்டுபோவது எப்படி?

சி மொழியில் எழுதிய ஒரு நூலகம், அதைப் பைதானிலிருந்து அழைக்க சிடைப்ஸ் (சி நூலகங்களை அழைக்கப் பைதானோடு வரும் கருவி) வைத்துக் கட்டிய சின்னப் பாலம். தமிழ்க் கோப்பைப் படித்து எழுத்துகளை எண்ணித் தரும். லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கல்லூரி மாணவர், “அண்ணா, விண்டோஸில் ஓடுமா?” என்று கேட்டார். “லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்” என்று பதில் எழுதிவிட்டேன். அவருக்கு இருந்ததோ கல்லூரி ஆய்வகக் கணினி மட்டும்தான், அதில் இயங்குதளத்தை மாற்ற யார் விடுவார்கள்? அந்தப் பதில் இன்றும் உறுத்துகிறது. நீங்களும் இப்படியொரு பாலம் வைத்திருந்தால், நான் போன வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: சோதிக்க ஓர் இடம்

சொந்தமாக விண்டோஸ் கணினி வேண்டியதில்லை. உங்கள் நிரல் பொதுக் களஞ்சியத்தில் இருந்தால், கிட்ஹப் தளத்தின் தானியங்கிச் சோதனை வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் விண்டோஸ் இயந்திரம் இலவசமாகக் கிடைக்கும். சோதனைப் பட்டியலில் உபுண்டுவுக்குப் பக்கத்தில் விண்டோஸையும் சேர்த்து அனுப்புங்கள். சோதனை தோற்றுச் சிவப்பாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். அந்தப் பதிவில் வரும் பிழைகளை வந்த வரிசையிலேயே தீர்த்துக்கொண்டு போனால் போதும்.

இரண்டாம் படி: கோப்பைக் கண்டுபிடிக்க வைப்பது

லினக்ஸில் நூலகக் கோப்பின் பெயர் ‘லிப்’ என்று தொடங்கி ‘எஸ்ஓ’ என்று முடியும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் (நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் மென்பொருள்) ‘லிப்’ சேர்க்காது, நூலகக் கோப்பு ‘டிஎல்எல்’ என்று முடியும். எந்த இயங்குதளம் என்று பைதானிடம் கேட்டால், 64 பிட் விண்டோஸிலும் ‘வின்32’ என்றுதான் பதில் வரும். அது சரியான பதில்தான், அதை வைத்தே பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் வருவது பிழை எண் 126: ‘குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை’. கோப்பு கண்ணெதிரே இருக்கும், இருந்தும் இல்லை என்று சொல்லும். பெரும்பாலும் காணாமல் போயிருப்பது உங்கள் டிஎல்எல் அல்ல, அது நம்பியிருக்கும் இன்னொரு டிஎல்எல். பைதான் 3.8 முதல் இப்படிச் சார்ந்த கோப்புகளை பாத் மாறியில் (தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியல்) தேடுவதில்லை. அதனால் டிஎல்எல்லுக்கு முழுப் பாதை கொடுங்கள், சார்ந்தவற்றை அதே கோப்புறையில் வையுங்கள். வேறிடத்தில் இருந்துதான் ஆக வேண்டுமென்றால், ஓஎஸ் மாட்யூலில் டிஎல்எல் கோப்புறையைச் சேர்ப்பதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பிழை எண் 193 வந்தால், 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாம் படி: ஃபங்ஷன்களை வெளியே காட்டுவது

டிஎல்எல் ஏறிவிட்டது, ஆனால் ஃபங்ஷன் இல்லை என்கிறது. லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் எல்லா ஃபங்ஷன்களையும் இயல்பாகவே வெளியே தெரிய விடும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரோ நீங்கள் சொன்னால்தான் காட்டும். ஃபங்ஷன் அறிவிப்புக்கு முன்னால் ‘டெக்ல்ஸ்பெக் டிஎல்எல்எக்ஸ்போர்ட்’ என்ற குறியைப் போட வேண்டும். விண்டோஸில் அந்தக் குறியாகவும் மற்ற இடங்களில் வெறுமையாகவும் மாறும் ஒரு மேக்ரோவை எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியே காட்ட, நூலகத்தைக் கட்டும் கருவியான சிமேக்கில் ஒரு குறுக்குவழி உண்டு. எனக்கு அது பிடிக்காது. எந்தெந்த ஃபங்ஷன் வெளியாருக்கு என்று கையால் எழுதி வைத்தால், பிறகு வருபவருக்கும் அது தெளிவாகத் தெரியும்.

நான்காம் படி: எண்ணின் அளவு

இதில் பிழைச்செய்தியே வராமல் போகலாம், அதனால்தான் கவனம் தேவை. சி மொழியின் ‘லாங்’ 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். பைதான் பக்கம் 8 பைட் என்று எழுதி வைத்திருந்தால், ஸ்ட்ரக்டில் (பல புலங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) அடுத்தடுத்த புலங்கள் எல்லாம் இடம் மாறிவிடும். இரு பக்கமும் ‘லாங்’ என்றே எழுதினால் அளவு பொருந்தும், ஆனால் 2,147,483,647-ஐத் தாண்டிய எண் விண்டோஸில் அதற்குள் அடங்காது. ‘லாங்’ என்பதையே விட்டுவிட்டு, இரு பக்கமும் 64 பிட் முழு எண் என்று அளவைச் சொல்லியே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: யார் ஒதுக்கினார்களோ அவர்களே விடுவிக்க வேண்டும்

விண்டோஸில் ஒவ்வொரு டிஎல்எல்லும் தனக்கென ஒரு சி ரன்டைமோடு (நினைவகம் ஒதுக்குவது போன்ற அடிப்படை வேலைகளைச் செய்யும் நூலகம்) வரலாம். ஒரு ரன்டைம் ஒதுக்கிய நினைவகத்தை இன்னொன்று விடுவித்தால் நிரல் விழுந்துவிடும். லினக்ஸில் வழக்கமாக எல்லோருக்கும் ஒரே ரன்டைம் என்பதால் இந்தத் தவறு அங்கே வெளியே தெரியாது. எனவே நூலகத்திலேயே ‘விடுவி’ என்று ஒரு ஃபங்ஷன் வைத்து, பைதானிலிருந்து அதை அழையுங்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். திரும்ப வரும் மதிப்பின் வகையை எழுத்துச்சர பாயிண்டர் (எழுத்துச்சரம் இருக்கும் நினைவக முகவரி) என்று அறிவித்தால், சிடைப்ஸ் அதை உடனே பைட்டுகளாக மாற்றித் தந்துவிடும், விடுவிக்க வேண்டிய முகவரி கைக்கு வராது. வெற்று பாயிண்டர் என்றே வாங்கி, நகலெடுத்து, பிறகு விடுவியுங்கள்.

ஆறாம் படி: தமிழ்ப் பெயர்கொண்ட கோப்பு

எல்லாச் சோதனையும் பச்சையான பிறகு ‘கதை’ என்று பெயரிட்ட கோப்பைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. விண்டோஸில் சி-யின் ‘எஃப்ஓபன்’ கோப்புப் பெயரை இயல்பாகப் பழைய ஆன்சி குறியீட்டுப் பக்கத்தின்படிதான் (எந்த பைட் எந்த எழுத்து என்ற பட்டியல்) படிக்கும். தமிழுக்கென்று அப்படியொரு பக்கமே விண்டோஸில் கிடையாது, தமிழ் அங்கே வந்ததே யூனிகோடாகத்தான். யூனிகோடின் ஒரு வடிவமான யுடிஎஃப்-8-இல் நாம் அனுப்பும் பைட்டுகள் அங்கே வேறு எழுத்துகளாகிவிடும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து இதை யுடிஎஃப்-8-க்கு மாற்ற ஒரு மேனிஃபெஸ்ட் (நிரலோடு வைக்கும் அமைப்புக் குறிப்பு) வழி இருக்கிறது. ஆனால் அதை இயங்கும் நிரலில்தான் வைக்க முடியும், இங்கே இயங்குவது பைதான், நம்முடையதல்ல. ஆகவே நூலகத்துக்குள்ளேயே பெயரை யுடிஎஃப்-16 ஆக மாற்றி, ‘டபிள்யூஎஃப்ஓபன்’ கொண்டு திறக்க வேண்டும். பத்துப் பதினைந்து வரி வேலைதான். தமிழுக்காக எழுதிய நூலகம் தமிழ்ப் பெயரைத் திறக்காமல் இருப்பதை என்னால் விட்டுவிட முடியவில்லை. உங்கள் சோதனைக் கோப்புகளில் ஒன்றுக்காவது தமிழ்ப் பெயர் வையுங்கள்.

ஏழாம் படி: பயனரிடம் சேர்ப்பது

பயனரிடம் கம்பைலர் இருக்காது. டிஎல்எல்லை உள்ளே வைத்து, விண்டோஸ் 64 பிட்டுக்கான வீல் கோப்பாக (நிறுவத் தயாரான பைதான் பொதி), பைதான் பொதிகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் ஏற்றுங்கள். ஏற்றுமுன் விஷுவல் ஸ்டூடியோ எதுவும் நிறுவாத ஒரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். நூலகத்தில் சி++ கலந்திருந்தால், அதன் ரன்டைம் டிஎல்எல் அங்கே இல்லாமல் மறுபடியும் 126 வரக்கூடும். ‘டெல்வ்வீல்’ என்ற கருவி, சார்ந்த டிஎல்எல்களைத் தேடி எடுத்து வீலுக்குள்ளேயே சேர்த்துவிடும். ஆய்வகக் கணினியில் உட்கார்ந்திருக்கும் மாணவர் அதன்பின் ‘பிப் இன்ஸ்டால்’ என்று ஒரு வரி அடித்தால் போதும்.